லூபே உள்ளே வரும்போது

பதினாறு வயது ஆகும் வரை பிள்ளைகள் சமூக ஊடகச் செயலிகளுக்குள் போகக் கூடாது என்று ஆஸ்திரேலிய அரசாங்கம் சட்டம் போட்டபோது என் வீட்டில் யாரும் பதறவில்லை. அரசாங்கம் சொல்வதை அரசாங்கம் சொல்லட்டும். பசிபிக் தீவான டோங்காவிலிருந்து வந்த எங்கள் குடும்பங்களில் ஒரு பெண் பிள்ளைக்கு எது எப்போது ஆகலாம் என்று முடிவு செய்வது அவளுடைய அத்தை. பெற்றவர்கள் சோறு போட்டு வளர்ப்பதோடு சரி.

என் பிள்ளைகளின் அத்தை ஃபூசி அக்கா. என் கணவர் செமிசியின் உடன்பிறந்த ஒரே அக்கா. சிட்னியின் மவுண்ட் ட்ரூயிட் பகுதியில் எங்கள் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறார். என் கல்யாண கேக்கின் பெரிய அடுக்கு அவருக்குத்தான் போனது. என் மகள் பிறந்தபோது லூபே என்று பெயர் வைத்ததும் அவர்தான். நான் வேறொரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். அது என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

லூபேக்குப் போன மாதம் பதினாறு ஆனது. வலைப்பந்துப் பயிற்சியிலிருந்து அவளை அழைத்து வரும்போது, சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் கேட்டாள்.

"அம்மா, இப்பவாவது நான் அந்த ஆப்ல சேரலாமா?"

"அத்தையைக் கேக்கணும்."

"நீங்க கேளுங்களேன்."

"எதுக்குன்னு கேப்பாங்களே. என்ன சொல்றது?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கு பச்சையாகி, பின்னால் நின்றவன் ஒலிப்பானை அழுத்தினான்.

"அண்ணனைப் பாக்கணும்மா."

"அவன் நம்ம கராஜ்லதான்டி இருக்கான்."

"அது எனக்கும் தெரியும்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

என் மகன் கிலிஃபிக்கு இருபது வயது. லூபே பெரியவளானதும் அவனுடைய கட்டில் கராஜுக்குப் போனது. எங்களில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள், ஒரே டிவி பார்க்க மாட்டார்கள். ஒருவர் காதில் விழும்படி இன்னொருவர் வேடிக்கைப் பேச்சுப் பேச மாட்டார். அவள் உள்ளே வந்தால் அவன் எழுந்து வெளியே போவான். சண்டை எதுவும் இல்லை. இதற்கு மேல் ஒரு மரியாதையை ஓர் அண்ணன் தங்கைக்குத் தர முடியாது. நானும் என் அண்ணனும் அப்படித்தான் வளர்ந்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம்.

அதனால் இருவருக்கும் இடையே நான்தான் தபால். "அம்மா, கார் சாவி எங்கன்னு அண்ணனைக் கேளுங்க" என்பாள் சமையலறையிலிருந்து. கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அவனுக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் நான் சுவரைப் பார்த்து, "கிலிஃபி, சாவி எங்க?" என்பேன். "மேசை மேலன்னு சொல்லுங்கம்மா" என்பான். அவளுக்கும் கேட்டிருக்கும். "மேசை மேலயாம்" என்பேன். நிஜமான தபால்காரருக்காவது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு.

இந்தப் பையன் சின்ன வயதில் தங்கையைக் கழுத்தில் உட்கார வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவான். அவள் பால் குடிக்கும்போது எதையாவது சொல்லி மூக்கு வழியாகப் பாலை வரவழைப்பான். இப்போது அவளுக்குத் தெரிந்த அண்ணன், கதவைத் தாண்டி வெளியே போகும் ஒரு முதுகு.

ஊருக்குத் தெரிந்த கிலிஃபி வேறு. அவன் அந்தச் செயலியில் வேடிக்கை வீடியோப் படங்கள் எடுத்துப் போடுகிறான். என் பூப்போட்ட கவுனை மாட்டிக்கொண்டு, சூப்பர் மார்க்கெட்டில் நான் மாட்டிறைச்சி டப்பா விலையைக் கேட்டு மயங்குவது போல நடிக்கிறானாம். நான் பார்த்ததில்லை. தேவாலயத்தில் இளம்பெண்கள் என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொள்வதை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஜட்டி, வாயு போன்ற விஷயங்களும் தாராளமாக வருமாம். ஒரு தங்கை பார்க்கவே கூடாத சங்கதிகள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் லூபே மீதியைச் சொன்னாள்.

"ஸ்கூல்ல சாப்பாட்டு நேரத்துல அண்ணன் படத்தைத்தான் போடுவாங்க. போட்டதும் நான் எழுந்து பாத்ரூம் போயிடுவேன். உள்ள நின்னுட்டு அவங்க சிரிக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஊர்ல எல்லாருக்கும் எங்க அண்ணனைத் தெரியுது. எனக்குத்தான் தெரியல."

"யாராவது போனை வாங்கித் தனியாப் பாத்திருக்கலாமே?"

"அவங்க போன்ல, அவங்ககிட்ட கேட்டு, எப்படிம்மா பாக்கறது? அசிங்கமா இருக்காதா?"

அசிங்கமாகத்தான் இருக்கும். அதை அவள் உணர்ந்திருக்கிறாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும், கொஞ்சம் அழுகையாகவும் இருந்தது.

மறுநாள், சேப்பங்கிழங்கு இலையில் இறைச்சியும் தேங்காய்ப் பாலும் வைத்துச் சுட்ட லூ ஒரு தட்டு எடுத்துக்கொண்டு ஃபூசி அக்கா வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு அவரிடம் கேள்வி கேட்பது வேலைக்கு ஆகாது.

"எதுக்காம்?" என்றார், தட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தபடி.

"பாட்டுப் பயிற்சி நேரமெல்லாம் அதுலதான் வருதாம்க்கா."

"லூசியானே, பதினாறு வயசுப் பொண்ணு பாட்டு நேரம் பாக்கறதுக்கு அம்மாவைத் தூது அனுப்ப மாட்டா. பையன் யாரு?"

நான் திருதிருவென விழித்தேன். என் முகம் பொய் சொல்லப் பழகாதது. அது எப்போதும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"பையன்னு ஒருத்தன் இருக்கான்தான்," என்றேன்.

"எந்தச் சபை?"

"நம்ம மெதடிஸ்ட்தான்க்கா."

"குடும்பம்?"

"நல்ல குடும்பம். அப்பா குடிக்க மாட்டாரு. அம்மா..." இங்கே கொஞ்சம் யோசித்தேன். "அம்மாவும் பரவாயில்ல."

ஃபூசி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சொந்த ரத்தமாக இல்லாமல் வேறு எவனாவது ஒருவனாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாகச் சொல்லியிருப்பேன். நாலு அதட்டுப் போட்டு முடித்திருக்கலாம். தங்கை அண்ணனின் கூத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

"முதல்ல அந்த இடத்தை நான் பாக்கணும்," என்றார் அவர். "பாக்காத வீட்டுக்குப் பொண்ணை அனுப்புவாங்களா? என் போன்ல போடு."

போட்டேன். பதினாறு வயது ஆகிவிட்டதா என்று உறுதிசெய்ய முகத்தைக் காட்டச் சொன்னது அது. ஃபூசி அக்காவுக்கு அறுபத்திரண்டு. "இருடி" என்று உள்ளே போய், தேவாலயத்துக்குப் போடும் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்றது. திரும்பினார். முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் மற்றவர்களைத் திரும்பச் சொல்லி வேலை பார்த்தவர். ஒருவர் சொல்லி அவர் திரும்பியதை அன்றுதான் பார்த்தேன். பதினாறு தாண்டிவிட்டது என்று அது ஒப்புக்கொண்டது.

உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம் என்று சொல்லி அது முதலில் காட்டிய முகம் என் கணவருடையது.

செமிசிக்கு அங்கே ஒரு கணக்கு இருப்பது எனக்கே தெரியாது. பறித்துவிடலாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் ஃபூசி அக்கா தொட்டுவிட்டார். கிடங்கில் எடுத்த படம். மஞ்சள் கவசத் தொப்பி போட்டுக்கொண்டு, ஃபோர்க்லிஃப்ட் வண்டியைக் கட்டிப்பிடித்து, பெண் குரலில் ஒரு பழைய காதல் பாட்டைப் பாடி, இடுப்பை ஆட்டு ஆட்டென்று ஆட்டிக்கொண்டிருந்தார் என் கணவர். ஐம்பத்தெட்டு வயது. சபையில் மூப்பர். கூட வேலை பார்ப்பவர்கள் கைதட்டும் சத்தம் வேறு.

அக்கா முன்னால் தம்பி இடுப்பை ஆட்டுவது எங்களில் நடக்காத காரியம். நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வழக்கம் எதுவும் கிடையாது. நான் தரைவிரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தது. மறுபடி தானாக ஆரம்பித்தது. அவர் நிறுத்தவில்லை.

"இது யாரு?" என்றார் கடைசியில்.

"செமிசிக்கா."

"செமிசின்னு எனக்குத் தெரியாதா?" தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு இதே பாட்டைத்தான் பாடுவான். அப்ப அவனுக்கு எட்டு வயசு இருக்கும். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிக்கும். அப்புறம் எனக்கு வயசு வந்துச்சு. எங்கப்பா அவனுக்குத் தோட்டத்துல குடிசை போட்டுக் கொடுத்துட்டாரு. அதோட சரி. குரல் மாறவே இல்ல பாரேன்."

படம் மூன்றாவது முறை ஓடியது. அப்போதுதான் திரையில் ஒரு சிவப்பு இதயத்தைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிய அவசரத்தில் எப்போதோ அக்காவின் விரல் பட்டிருக்கிறது.

"அக்கா, அதை அழுத்திட்டீங்க. உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு அவருக்குப் போயிருக்கும்."

ஃபூசி அக்காவின் முகத்தில் பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எடுக்கச் சொன்னார். நான் அழுத்தினேன், போனது. போய்விட்டதா என்று பார்க்க அவர் அழுத்தினார், திரும்ப வந்தது. இப்படியே கொஞ்ச நேரம் போராடினோம். என் கணவரின் போனில் அன்றைக்கு எத்தனை தடவை மணி அடித்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்தக் கலவரத்தில்தான் எனக்கு வாய் திறந்தது.

"அக்கா, லூபே பாக்கணும்னு சொல்ற பையன் வேற யாரும் இல்ல. கிலிஃபி."

நான் பள்ளிக்கூடத்துப் பாத்ரூமைப் பற்றிச் சொன்னேன். அவள் உள்ளே நின்றுகொண்டு அடுத்தவர்கள் சிரிப்பதைக் கேட்பதைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்," என்றார் ஃபூசி அக்கா. லூவை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

நான் வீடு திரும்பியபோது செமிசி வேலையிலிருந்து முன்னதாகவே வந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார். குளிர்காலம். போன சனிக்கிழமைதான் வெட்டினார். வெட்டுவதற்கு அங்கே மண்தான் இருந்தது.

"அக்கா பாத்துட்டாங்க," என்றேன்.

"எது வரைக்கும்?"

"முழுசா. மூணு தடவை."

அவர் இயந்திரத்தை அணைக்காமல் அப்படியே நின்றார். "ஏதாவது சொன்னாங்களா?"

"உங்ககிட்ட சொல்லச் சொல்லி எதுவும் சொல்லல."

சொல்லச் சொல்லாததை நான் கொண்டுபோவதில்லை. தபால் வேலையில் அதுதான் நேர்மை. செமிசி அன்றைக்கே தன் கணக்கை அழித்தார். இரவுச் சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள். பின்கட்டில் கூரை போட்ட இடத்தில் பாய் விரித்து, ஒரு கோடியில் ஃபூசி அக்கா. மறு கோடியில், அவருக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு செமிசி. பையன்கள் எல்லாம் வெளியே புல்லில், அதாவது புல் இருந்த இடத்தில். லூபே சமையலறைக் கதவருகே என் பக்கத்தில் நின்றாள். அவள் விரல்கள் என் கவுனின் மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. குழந்தையில் இருந்த பழக்கம்.

ஃபூசி அக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

"லூபே அந்த ஆப்ல சேரலாம். வயசு விஷயத்தை அரசாங்கம் பாத்துக்கிச்சு, அதுல எனக்கு வேலை மிச்சம் வைக்கல. ஆனா நான் அந்த இடத்தைப் போய்ப் பாத்தேன். அது ஒரு ரூம். எல்லாரும் உள்ள உக்காந்திருக்கீங்க. பொண்ணு உள்ள வரும்போது பசங்க எழுந்து வெளிய போகணும். எல்லா ரூமுக்கும் உள்ளதுதான்."

வெளியே மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. எங்களில் மாமா பையனும் அண்ணன்தான், சித்தி பையனும் அண்ணன்தான்.

"எல்லாருமா அத்தை?" என்றான் ஒரு தடியன்.

"நீ அவளுக்கு யாரு?"

"அண்ணன்."

"அப்ப எந்திரி."

என் கவுனைப் பிடித்திருந்த விரல்கள் விட்டுவிட்டன. லூபே என் காதருகே, "அப்போ நான் உள்ள போயி யாரைம்மா பாக்கறது?" என்றாள். நான் மருமகள். அந்தப் பாயில் எனக்குப் பேச்சு கிடையாது. இருந்தாலும் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன். ஃபூசி அக்கா என்னைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார்.

"இன்னும் முடிக்கல. அண்ணன் எழுந்து போறப்ப தங்கச்சிக்குச் சாப்பாட்டை வச்சுட்டுத்தான் போவான். நல்ல துண்டாப் பாத்து வைப்பான். அதே மாதிரி, அவங்க எடுத்துப் போட்ட படங்கள்ல தங்கச்சி பாக்கலாம்னு எது இருக்கோ அது அங்கயே இருக்கட்டும். அவன் போன பிறகு அவ பாத்துக்கட்டும். மத்ததை அழிச்சுடணும். கிலிஃபி, உனக்குத்தான் சொல்றேன்."

கிலிஃபி எழுந்து நின்றான். அத்தை பேசினால் எழுந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

"சரி அத்தை," என்றான். அவ்வளவுதான். எத்தனையோ ஆயிரம் பேர் அவன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லோரும் கிளம்பும்போது ஃபூசி அக்கா என்னை அழைத்தார். செமிசி அதே கூரைக்கடியில், காது கேட்கும் தூரத்தில், ஒரு நாற்காலியைத் தேவையில்லாமல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"லூசியானே, செமிசிகிட்ட சொல்லு. ரெண்டாவது சரணத்தை விட்டுட்டான்."

நான் திரும்பி, "ரெண்டாவது சரணத்தை விட்டுட்டீங்களாம்," என்றேன்.

செமிசியின் கழுத்து சிவந்தது. "மறந்துபோச்சுன்னு சொல்லு."

"மறந்துபோச்சாம்க்கா."

"எனக்கு ஞாபகம் இருக்கு. எழுதி அனுப்புறேன்னு சொல்லு."

கராஜில் விளக்கு அடுத்த சில நாட்களும் எரிந்தபடியே இருந்தது. கிலிஃபி தன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தங்கை பார்க்கக் கூடாததை அழித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் காலை தேநீர் கொண்டுபோனேன். கட்டிலில் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"எவ்வளவு மிச்சம்?"

"ஒண்ணும் இல்ல."

இத்தனை வருடத்தில் இந்தப் பிள்ளை எடுத்துப் போட்டதில் ஒன்றுகூட ஒரு தங்கை பார்க்கும்படி இல்லை. இதை நான் தனியாக ஒருநாள் கவனித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அவன் தேநீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உங்க கவுனைக் கொஞ்சம் கொடுங்கம்மா," என்றான்.

"எது?"

"தேவாலயத்துக்குப் போடுறது. நல்லது."

சனிக்கிழமை மதியம் லூபே சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தச் செயலிக்குள் போனாள். அண்ணன்மார் எல்லோரும் வெளியேறியிருந்தார்கள். கிலிஃபியின் பக்கம் வெறுமையாக இருந்தது. ஒரே ஒரு படம். அன்று காலை போட்டது. என்னையும் பார்க்கச் சொன்னாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

படத்தில் கிலிஃபி, இல்லை, நான். என் நீலக் கவுன், அதன் மேல் இடுப்பில் சாவு வீட்டுக்கும் அரசர் முன்னாலும் கட்டுகிற பெரிய பாய், தலை படிய வாரியிருந்தது. ஜட்டி இல்லை, வாயு இல்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, நான் பேசுவது போலவே மூக்கால் பெருமூச்சு விட்டான். வலப்பக்கம் திரும்பி, "கிலிஃபி, அவ சாவி கேக்கறா" என்றான். இடப்பக்கம் திரும்பி, "லூபே, மேசை மேலயாம்" என்றான். மறுபடி வலப்பக்கம், "எந்த மேசைன்னு கேக்கறா." இடப்பக்கம், "நம்ம வீட்ல எத்தனை மேசை இருக்குன்னு கேக்கறான்." தலை வேகமாகத் திரும்பத் திரும்ப மூச்சு வாங்கியது. நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நான் அப்படித்தான் செய்வேனாம்.

லூபே வாயைப் பொத்தவில்லை. சத்தமாகச் சிரித்தாள். குடித்துக்கொண்டிருந்த பால் மூக்கு வழியாக வந்து மேசையில் கொட்டியது. துடைக்கக்கூட நேரம் இல்லாமல் சிரித்தாள். எனக்குக் கோபமாக வந்திருக்க வேண்டும். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், கண்ணீர் வழிந்தது.

படத்தின் கடைசியில் அவன் நிறுத்தினான். முன்பக்கம் பார்க்காமல், பக்கவாட்டில் எங்கேயோ பார்த்தபடி, என் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் சொன்னான். "அம்மா, லூபேகிட்ட சொல்லுங்க. அவ பாத்திரம் கழுவும்போது பாடுறது கராஜ் வரைக்கும் கேக்குது. நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க."

முடிந்தது. லூபே அதைத் திரும்பப் போடவில்லை. கையால் மேசையைத் துடைத்தாள், பிறகு அதே கையால் முகத்தைத் துடைத்தாள்.

"அம்மா," என்றாள், "நான் சிரிச்சேன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க."

நான் பலகைச் சுவரைப் பார்த்துத் திரும்பினேன்.

"கிலிஃபி, அவ சிரிச்சாளாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"கேட்டுச்சும்மா," என்றான்.